தினமும் கிரீஸ் அடித்தும் தேய்ந்த பக்கெட் பின்: ஒரு பேக்ஹோ பழுது ஆய்வு

கொளத்தூர் பக்கம் மழைநீர் வடிகால் தோண்டிக்கொண்டிருந்த பேக்ஹோ, அதாவது மண் தோண்டும் வண்டி அது. ஐப்பசி மழைக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்று இரவிலும் ஓடிய வண்டி. உரிமையாளர் சொன்ன புகார் சின்னதுதான். பக்கெட்டை மடக்கும்போது கிறீச்சென்று கத்துகிறது, நுனியில் ஆட்டம் வந்துவிட்டது, பின்னும் (பக்கெட்டை ஆர்மோடு கோக்கும் தண்டு) புஷ்ஷும் (அந்தத் தண்டு சுழலும் உருளை உறை) மாற்றிக் கொடுங்கள் என்றார். வண்டியை அவர் பழையதாக வாங்கியிருந்தார். வாங்கிய கையோடு வேறொரு பட்டறையில் இதே பின்னையும் புஷ்ஷையும் மாற்றியிருக்கிறார். அது ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. புதுசாகப் போட்ட சாமான் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தால் சாமானைக் குறை சொல்வதற்கு முன் கிரீஸ் போன வழியைப் பார்க்க வேண்டும்.

ஆப்பரேட்டர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காததுதான் காரணம் என்று முதலாளி சொல்லிவிட்டதில் கடுப்பாக இருந்தார். "தெனமும் காலைல அடிச்சிட்டுதான் சார் சாவியே போடுறேன். நீங்களே பாருங்க, எவ்ளோ கிரீஸ் வெளிய நிக்குது."

பார்த்தேன், நின்றது. பக்கெட் பின்னுக்குக் கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளைச் சுற்றி எலுமிச்சம்பழ அளவுக்குக் கிரீஸ் உருண்டை, சாக்கடை மண்ணோடு சேர்ந்து கறுத்துப் போயிருந்தது. ஆனால் பின்னின் இரண்டு முனைகளிலும், பக்கெட் காதும் ஆர்மும் சேரும் இடுக்கில், ஒரு பொட்டுக் கிரீஸ் இல்லை. அங்கே இருந்தது செம்பழுப்புத் தூள். இரும்பும் இரும்பும் ஈரத்தில் உரசினால் உதிருமே, அந்தத் தூள்.

அவர் சொன்னது பொய் இல்லை. கிரீஸ் அடித்திருக்கிறார், அது உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். நிப்பிளில் ஏறும் கிரீஸ் ஆர்மின் தடித்த பகுதியில் துளைத்த வழியாகப் போய், புஷ்ஷின் துளையைத் தாண்டி, பின்னைச் சுற்றிப் பரவி, பழைய கிரீஸையும் அழுக்கையும் தள்ளிக்கொண்டு இரு முனைகளிலும் வெளியே வர வேண்டும். அப்படி வந்து விளிம்பில் நிற்கும் கிரீஸ்தான் மண் உள்ளே புகாமல் தடுப்பதும். நிப்பிள் அடியில் எவ்வளவு நின்றாலும் அது கணக்கில் வராது.

கிரீஸ் கன்னா, நிப்பிளா, வழியா?

பக்கெட்டைத் தரையில் ஊன்றி, என்ஜினை நிறுத்தி, லீவர்களை ஆட்டி ஹைட்ராலிக் அழுத்தத்தை இறக்கிவிட்டு, ஆர்முக்கு அடியில் கட்டை கொடுத்தோம். அப்புறம் எல்லா நிப்பிளையும் துணியால் துடைத்தோம். இந்தத் துடைப்பை யாரும் மதிப்பதில்லை. நிப்பிள் தலையில் ஒட்டியிருக்கும் மணலைத் துடைக்காமல் கன்னை மாட்டினால், அந்த மணலைத்தான் முதலில் பின்னுக்குள் ஏற்றுகிறோம்.

முதல் சந்தேகம் கன் மேல். கன்னின் வாயில் உள்ள தாடைகள் தேய்ந்திருந்தால் நிப்பிள் தலையை இறுக்கிப் பிடிக்காது, கிரீஸ் பக்கவாட்டில் பீய்ச்சும். புது நிப்பிள் ஒன்றை வைஸில் பிடித்து அதில் அடித்துப் பார்த்தோம். ஒழுகாமல் மறுமுனையில் வந்தது, கன் நன்றாகத்தான் இருந்தது. நிப்பிளை வைஸில்தான் பிடிக்க வேண்டும், கையில் பிடித்துப் பார்க்கவே கூடாது. சாதாரணக் கை லீவர் கன்கூட சில நூறு பார் அழுத்தம் கொடுக்கும். அந்த அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்திய மாதிரி ஒரு புள்ளி, வலியும் முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் விரலே போகும் நிலை வரலாம். அப்படி நடந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "அழுத்தத்தில் கிரீஸ் உள்ளே போய்விட்டது" என்று சொல்லிக் காட்ட வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம், கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை உள்ள இடம் அது.

சரி, வண்டிக்கு வருவோம். பக்கெட் பின் நிப்பிளில் கன்னை மாட்டி அடித்தால் லீவர் வெண்ணெய்யாக இறங்கியது. மரை அடியிலிருந்து கிரீஸ் சுற்றிலும் பிதுங்கியது. அடுத்தது லிங்க் பின், அதாவது பக்கெட்டை மடக்கும் இணைப்புக் கையின் பின். அங்கே நிப்பிளையே காணோம். கிரீஸைச் சுரண்டிப் பார்த்தால் தலை முறிந்து, மட்டத்தோடு மட்டமாக உடம்பு மட்டும் துளைக்குள் இருந்தது. பழைய கான்கிரீட்டைப் பெயர்க்கும்போது ஏதோ ஒரு துண்டு இடித்திருக்கும். அந்த இடத்தில் தினமும் ஒரு விரல் கிரீஸைத் தடவிவிட்டிருந்தான் கிளீனர் பையன். கேட்டதற்கு, "அங்க கன் மாட்ட மாட்டேங்குது அண்ணே" என்றான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் அவனிடம் கேட்கவும் இல்லை.

முதல் நிப்பிள்: மரை மாறிப் போனது

பக்கெட் பின் நிப்பிளுக்கு ஸ்பேனர் போட்டதும் கால் சுற்றிலேயே தளர்ந்தது. மீதியை விரலாலேயே கழற்றினேன். மரை முழுக்க வெள்ளை டேப் சுற்றியிருந்தது. டேப்பை உரித்துவிட்டு வெர்னியர் வைத்தால் 9.7 மி.மீ. அதே ஆர்மில் மேலே இருந்த, யாரும் கை வைக்காத பழைய நிப்பிளைக் கழற்றி அளந்தால் 9.9. மரை கேஜ் வைத்தபோது சந்தேகம் தீர்ந்தது. பழையது எம் 10 (10 மி.மீ. மரை), ஒரு மில்லி பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம். டேப் சுற்றிப் போட்டது அரைக்கால் இஞ்ச், அதாவது 1/8 பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் குழாய் மரை, இஞ்சுக்கு 28 மரை. மில்லியில் சொன்னால் பிட்ச் 0.907.

சென்னையில் கிரீஸ் நிப்பிள் சம்பந்தமாக நான் பார்க்கும் கோளாறுகளில் இது அடிக்கடி வருவது. இரண்டுக்கும் தலை ஒன்றுதான், எந்தக் கன்னும் இரண்டிலும் மாட்டும். ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணமும் ஏறக்குறைய ஒன்று. கடையில் "பெரிய நிப்பிள்" என்று கேட்டால் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார்கள். எம் 10 துளையில் பிஎஸ்பி நிப்பிளைத் திருகினால் முதல் இரண்டு மூன்று மரை சுலபமாக ஏறும், ஏனென்றால் அது கொஞ்சம் மெலிந்தது. அதற்கு மேல் பிட்ச் வித்தியாசம் ஒவ்வொரு மரைக்கும் சேர்ந்துகொண்டே போகும். ஐந்தாவது மரைக்குள் கிட்டத்தட்ட அரை மில்லி விலகிவிடும், மரை மரையைக் கடிக்கும், கை நின்றுவிடும். திருகுகிறவர் "டைட் ஆயிடுச்சு" என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் பிடித்திருப்பது ஒன்றிரண்டு மரைதான். ஒழுகுகிறதே என்று டேப் சுற்றினால் ஒழுகல் கொஞ்ச நாள் நிற்கும். பிடிமானம் மட்டும் அப்படியேதான் இருக்கும். போதாததற்கு டேப் நார் பிய்ந்து கிரீஸோடு உள்ளே போகும். இங்கேயும் போயிருந்தது. புஷ்ஷின் துளை வாயில் வெள்ளைத் திரியாக உருண்டு உட்கார்ந்திருந்தது.

மில்லி மரை நிப்பிளுக்கு டேப் தேவையே இல்லை. அதன் மரை குட்டையாக, லேசாகக் கூம்பிப் போகும்படி வெட்டியது, இறுகும்போது தானே அடைத்துக்கொள்ளும். விரலால் ஏறுகிற வரை ஏற்றி, அதற்கு மேல் ஸ்பேனரில் சுமார் அரைச் சுற்று போதும். நீளக் கைப்பிடி போட்டு முறுக்கினால் உள்ளே ஓட்டை உள்ள மெல்லிய உடம்பு முறிந்துபோகும்.

மரை கேஜ் இல்லாத இடத்தில் ஒரு வழி உண்டு. சரியான நிப்பிள் என்று தெரிந்த ஒன்றையும் சந்தேகமானதையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரே பிட்ச் என்றால் பல்லோடு பல் உட்கார்ந்து வெளிச்சம் தெரியாது. பிட்ச் வேறு என்றால் ஒரு முனை உட்காரும், மறுமுனை தூக்கிக்கொண்டு நிற்கும். அமெரிக்க வண்டிகளில் 1/8 என்பிடி என்ற அமெரிக்கக் குழாய் மரை வேறு வரும், இஞ்சுக்கு 27 மரை. ஒரே ஒரு மரைதான் வித்தியாசம் என்று அதையும் பிஎஸ்பி துளையில் அறைந்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

துளையை மீட்டது

தப்பான நிப்பிளை முறுக்கி முறுக்கித் துளையின் வாய்ப்பக்க மரைகள் போய்விட்டன. எம் 10 × 1 டாப்பை (மரை வெட்டும் கருவி) கையால் விட்டுப் பார்த்தேன். ஆழத்தில் மரை கொஞ்சம் இருந்தது, ஆனால் நிப்பிள் எட்டும் ஆழம் இல்லை. நீளத் தண்டு நிப்பிள் போட்டிருந்தால் அந்த மரையைப் பிடித்திருக்கும். ஆனால் வெளியே அவ்வளவு நீட்டிக்கொண்டு நின்றால் அடுத்த கல்லுக்கே முறியும், அதனால் விட்டுவிட்டேன். துளையை 1/4 பிஎஸ்பி-க்குப் பெரிதாக்கி, கடையில் கிடைக்கும் 1/4 – 1/8 ரெடியூசர் புஷ் போடுவது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் இந்த ஒரு இடத்தில் மட்டும் இஞ்ச் மரை வந்துவிடும். நாளைக்கு நிப்பிள் மாற்ற வருகிறவருக்கு அது தெரியாது, இதே கதை தலைகீழாக நடக்கும்.

அதனால் வியாசர்பாடி லேத்தில் ஒரு புஷ் கடைந்து வாங்கினோம். வெளியே எம் 14 × 1.5, உள்ளே எம் 10 × 1. லேத்காரர் கடைந்துகொண்டே, "அடுத்தவன் இஞ்ச் போடுவான், அதுக்கு அடுத்தவன் மில்லி போடுவான், கடைசில எங்கிட்டதான் வந்து நிப்பீங்க" என்றார். சரிதான். ஆர்ம் துளையை 12.5 டிரில்லில் பெரிதாக்கி எம் 14 டாப் போட்டோம். இரண்டு மரைக்கும் நடுவில் ஒரு மில்லிச் சுவர்தான் மிஞ்சும், நிப்பிளுக்கு அது போதும். புஷ்ஷை த்ரெட் லாக்கர் தடவித் திருகி, அது உள்ளே போய்ப் பின் புஷ்ஷை முட்டாதபடி நீளத்தைச் சரிபார்த்தோம்.

டிரில் போடும்போதும் டாப் போடும்போதும் சுருள் உள்ளே விழக் கூடாது. பக்கெட் பின்னை ஏற்கெனவே கழற்றியிருந்ததால் இங்கே துடைத்து எடுக்க முடிந்தது. பின்னைக் கழற்றாமல் செய்வதானால் துளையின் அடியில் கெட்டிக் கிரீஸை அடைத்துவிட்டு, டாப்பின் பள்ளங்களிலும் கிரீஸைப் பூசிக்கொண்டு, கால் சுற்றுக்கு ஒருமுறை எடுத்துத் துடைக்க வேண்டும். இரும்புத் தூள் அந்தக் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும்.

இரண்டாவது நிப்பிள்: எடுத்த பிறகும் போகவில்லை

முறிந்த நிப்பிளை எடுப்பதில் ஒரு வசதி, நடுவில் ஏற்கெனவே ஓட்டை இருக்கும். ஈஸி அவுட் விடுவதற்குத் தனியாகத் துளைக்க வேண்டியதில்லை. அது இடப்பக்க மரை போட்ட கூம்பு ஆணி. எதிர்ப்பக்கம் திருகத் திருக உள்ளே கடித்துக்கொண்டு நிப்பிளையும் சேர்த்துக் கழற்றிவிடும். துருவுக்கு எண்ணெய் விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ஓட்டைக்குள் இருந்த சின்னக் குண்டையும் ஸ்பிரிங்கையும் ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு ஈஸி அவுட்டைச் சொருகினோம். ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் ஸெர்க் 1920களில் காப்புரிமை வாங்கிய அதே அமைப்புதான் இன்றைக்கும். கன் தள்ளினால் குண்டு உள்ளே போய் வழிவிடும், கன் விலகினால் ஸ்பிரிங் அதைத் திரும்ப வாயில் வைத்து மூடும்.

ஈஸி அவுட்டைச் சுத்தியால் அடித்து இறக்கக் கூடாது. நிப்பிள் சுவர் மெல்லியது, விரிந்து துளையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ரொம்பச் சின்ன சைஸ் போட்டால் ஆணியே உள்ளே முறியும். அது கடினமான எஃகு, சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கிக்கொண்டு சுற்றும். கேஸ் டார்ச்சால் சூடு காட்டலாமே என்று உரிமையாளர் கேட்டார். பக்கத்தில் ஹைட்ராலிக் ஹோஸ், துளைக்குள் வெளியேற வழியில்லாமல் அடைந்து கிடக்கும் கிரீஸ். வேண்டாம் என்றேன். சூட்டில் அழுத்தம் ஏறினால் அந்தத் துண்டு தோட்டாவாகப் பறக்கும்.

துண்டு ஒழுங்காக வந்துவிட்டது, மரையும் நன்றாக இருந்தது. டாப் விட்டுச் சுத்தம் செய்து புது நிப்பிள் போட்டுக் கன்னை மாட்டினால் லீவர் கல்லாக நின்றது. நிப்பிளைக் கழற்றி வைஸில் வைத்து அடித்தால் கிரீஸ் வருகிறது, அப்படியானால் அடைப்பு உள்ளே. இந்த இடத்தில் பலர் டீசல் ஊற்றி, அதன்மேல் சுத்தியால் அடித்து அழுத்தம் கொடுக்கும் குழாயைப் போட்டுக் காய்ந்த கிரீஸை உடைக்கப் பார்ப்பார்கள். காய்ந்த கிரீஸ் என்றால் அது வேலை செய்யும். ஆனால் அதற்கு முன் ஒரு கம்பியை விட்டுப் பார்ப்பது நல்லது. கம்பி லிங்க்கின் சுவர்க் கனம் அளவுக்குப் போய் டக்கென்று நின்றது. காய்ந்த கிரீஸாக இருந்தால் கம்பி கொஞ்சமாவது புதையும். இது இரும்பில் முட்டும் சத்தம்.

பித்தளைக் கம்பி வைத்துத் தட்டிப் பின்னை வெளியே எடுத்தோம். காரணம் கண்ணெதிரே தெரிந்தது. புஷ் தன் இடத்தில் கால் வட்டத்துக்கும் மேல் திரும்பியிருந்தது. அதன் துளை ஒரு பக்கம், லிங்க்கின் துளை இன்னொரு பக்கம். புஷ்ஷின் முதுகில், பழைய இடத்திலிருந்து புது இடம் வரை, நீல நிறத்தில் சூடு பட்ட தடம் பிறை வடிவில் கிடந்தது. கிரீஸ் இல்லாமல் பின் புஷ்ஷைக் கவ்வி, தன்னோடு சேர்த்துத் திருப்பியிருக்கிறது. நிப்பிள் முறிந்தது முதல் சேதம், புஷ் திரும்பியது அதன் விளைவு. நிப்பிளை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தால் தலை பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு துளி போயிருக்காது.

புதுப் புஷ்ஷில் லேத்காரரிடம் ஒரு வேலை சேர்த்துச் செய்யச் சொன்னேன். துளை வரும் இடத்தில் புஷ்ஷின் வெளிப்பக்கம் முழு வட்டத்துக்கும் ஒரு பள்ளம். நாளைக்கே புஷ் கொஞ்சம் திரும்பினாலும் கிரீஸ் அந்தப் பள்ளத்தைச் சுற்றிப் போய்த் துளையைப் பிடித்துக்கொள்ளும். எல்லாப் புஷ்ஷிலும் இது வருவதில்லை, வந்தால் நல்லது. பக்கெட் பின்னின் கதை ஏற்கெனவே முடிந்திருந்தது. 45 மி.மீ. பின், சுமை விழும் பக்கம் ஒன்றேகால் மில்லி தேய்ந்திருந்தது. அதையும் அதன் புஷ்ஷையும் மாற்றினோம்.

கல்லடியிலிருந்து காப்பு

லிங்க்கில் நிப்பிள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு இரும்பு வளையத்தை வெல்டிங் வைத்தோம். வளையத்தின் உயரம் நிப்பிள் தலைக்குச் சற்று மேல், உள்விட்டம் கன்னின் வாய் தாராளமாகப் போகும் அளவு. வெல்டிங்கை நிப்பிள் போடுவதற்கு முன்பே முடிக்க வேண்டும், சூட்டில் உள்ளிருக்கும் ஸ்பிரிங் செத்துவிடும். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். தூரத்தில் போட்டால் கரண்ட் பின், புஷ் வழியாகப் பாய்ந்து அங்கே தீப்பொறி கிளப்பும். பேட்டரி வயரையும் கழற்றினோம்.

நிப்பிள்களை செம்புதாஸ் தெருவில் வாங்கினோம், பழைய நிப்பிளைக் கையோடு எடுத்துப் போய், மரையோடு மரை வைத்துப் பார்த்து. ஆர்மில் நேர் நிப்பிளுக்குப் பதில் 90 டிகிரி வளைந்தது போட்டேன், பக்கெட் தரையில் இருக்கும்போது கன் எட்டுகிற பக்கமாகத் திருப்பி. கன் மாட்டக் கஷ்டமாக இருக்கும் நிப்பிளுக்கு நாலாம் நாளிலிருந்து கிரீஸ் கிடைக்காது. இது யார் குற்றமும் இல்லை, மனுஷ சுபாவம்.

டப்பாவில் இருந்த கிரீஸ்

கிளம்பும் முன் அவர்களுடைய கிரீஸ் டப்பாவைப் பார்த்தேன். மூடி இல்லை, மேலே மழைத் தண்ணீர், அடியில் ஒரு நிறம், மேலே ஒரு நிறம். தீர்ந்ததும் கிடைத்ததை வாங்கி அதே டப்பாவில் கொட்டியிருக்கிறார்கள். லித்தியம் சோப்பில் செய்த கிரீஸும் வேறு கெட்டிப்பொருளில் செய்த கிரீஸும் எல்லா நேரமும் ஒத்துப்போகாது. சில சேர்க்கைகளில் தண்ணீராக இளகும், சிலவற்றில் கட்டியாகி வழியை அடைக்கும். சென்னை வெயிலுக்கு 3-ஆம் நம்பர் கெட்டி கிரீஸ்தான் நிற்கும் என்பது ஆப்பரேட்டரின் வாதம். லித்தியம் கிரீஸ் உருகிச் சொட்ட 180 டிகிரிக்கு மேல் வேண்டும், நம் கத்திரி வெயில் அதற்குப் பக்கத்தில்கூட வராது. கெட்டி கிரீஸ் மெல்லிய வழிகளில் மெதுவாகத்தான் ஊரும். இந்தப் பின்களுக்கு ஈபி 2 (அதிக அழுத்தம் தாங்கும் 2-ஆம் நம்பர் கிரீஸ்) போதும், மாலி (மாலிப்டினம் டைசல்பைடு) கலந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. டப்பாவைக் கொட்டிவிட்டுப் புது டப்பா, மூடியோடு.

அடிக்கும் முறையையும் மாற்றச் சொன்னேன். "எத்தனை அடி அடிக்கணும் சார்?" என்று கேட்டார். எண்ணிக்கை வேண்டாம், பின்னின் இரண்டு விளிம்பிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள் என்றேன். பாதியை பக்கெட் தரையில் இருக்கும்போதும் மீதியை பக்கெட்டைச் சற்று மேலே தூக்கி என்ஜினை நிறுத்திய பிறகும் அடித்தால், சுமை பக்கம் மாறிப் பின்னின் அடுத்த பக்கத்துக்கும் கிரீஸ் கிடைக்கும். தூக்கிய பக்கெட்டுக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது, ஆர்முக்குக் கட்டை வேண்டும்.

வண்டி போய் மழைக்காலம் பாதி ஓடிய பிறகு உரிமையாளர் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இரண்டு பின்னின் விளிம்பிலும் கிரீஸ் வளையமாக நின்றது, ஆட்டம் இல்லை. வளையக் காப்பின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, உள்ளே நிப்பிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவரிடம் இன்னொரு வண்டியும் உண்டு. அதையும் பார்க்கச் சொன்னார். பூமிலும் (ஆர்மைத் தாங்கும் பெரிய கை) கிங் போஸ்ட்டிலும் (பூம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு) இரண்டு நிப்பிள் அதே 1/8 பிஎஸ்பி, அதே வெள்ளை டேப். வண்டி அப்போது சோழிங்கநல்லூர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் துளையைப் பெரிதாக்கிப் புஷ் வைக்க நேரமில்லை. எம் 10 நிப்பிள் விரலால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தோம். கிங் போஸ்ட்டில் முழுசாக ஏறியது, அதையே போட்டுவிட்டோம். பூமில் ஏறவில்லை. மழை விட்டதும் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.